திருநெல்வேலியில் காந்தி சொன்னது

என் தாத்தாவுக்கு எட்டு வயதாக இருந்தபோது காந்தி திருநெல்வேலிக்கு வந்தார். 1934 ஜனவரி 24. மாமாவின் தோளில் உட்கார்ந்து தாத்தா அவரைப் பார்த்திருக்கிறார். பேச்சு காதில் விழவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் கம்மலைக் கழற்றி அரிஜன நிதிக்குக் கொடுத்ததும், அப்புறம் வெறுங்காதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டதும்தான் அவர் நினைவில் நின்றது. அந்த ஒரு காட்சிக்காகவே கடைசிவரை கதர்தான் உடுத்தினார்.

அன்றைக்குக் காந்தி என்ன பேசினார் என்பது எனக்குக் கல்லூரி நூலகத்தில்தான் தெரிந்தது. ஒன்பது நாள் முன்னால் பிகாரில் பெரும் நிலநடுக்கம். தீண்டாமை என்ற பாவத்துக்காகக் கடவுள் நமக்கு அனுப்பிய தண்டனை அது என்று தான் நம்புவதாகக் காந்தி திருநெல்வேலியில் சொன்னார். பிகாரின் துயரத்துக்கும் தீண்டாமை ஒழிப்பு இயக்கத்துக்கும் உயிரான தொடர்பு இருக்கிறது என்றார். அதே நாள் தூத்துக்குடியிலும் இதைப் பேசினார்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு. 2001 ஜனவரி 26 காலையில் குஜராத்தில் பூஜ் நிலநடுக்கம் வந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வீட்டு டிவியில் எந்நேரமும் இடிபாடுகள். "தாத்தா, காந்தி நம்ம ஊர்ல வச்சு இப்படிச் சொல்லியிருக்காரே, இது மூடநம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஏல, அவரு சொன்னா சும்மா சொல்லியிருக்க மாட்டாரு" என்றார். நான் விடவில்லை. நிலத்தட்டு, அழுத்தம், பிளவு என்று அந்த வாரம் படித்ததையெல்லாம் கொட்டினேன். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார். அதற்கு முன்னும் பின்னும் அவர் சோற்றை மீதி வைத்து நான் பார்த்ததில்லை.

நிலநடுக்கத்தைப் பற்றி நான் சொன்னது சரிதான். இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனால் அதே கேள்வியைக் காந்தியிடமே நேராகக் கேட்ட ஒருவர் இருந்தார். எப்படிக் கேட்க வேண்டும் என்பதை அவரிடமிருந்துதான் பிறகு கற்றுக்கொண்டேன். அதைச் சொல்வதற்கு முன் மண்ணைப் பார்த்துவிடலாம்.

1934 ஜனவரி 15, மதியம் இரண்டேகால் மணிக்குச் சற்று முன். எவரெஸ்ட்டுக்குத் தெற்கே, கிழக்கு நேபாளத்தில் பூமிக்கடியில் பாறை வழுக்கியது. ரிக்டர் கணக்கில் ஏறத்தாழ 8. இந்தியாவைத் தாங்கும் நிலத்தட்டு ஆண்டுக்கு நாலைந்து சென்டிமீட்டர் வடக்கே நகர்ந்து ஆசியாவை முட்டிக்கொண்டிருக்கிறது. அதில் சுமார் 2 சென்டிமீட்டர் நகர்வு இமயமலைக்கு அடியில் போக வழியில்லாமல் மாட்டிக்கொள்கிறது. நூறு வருஷத்தில் இரண்டு மீட்டர். தாழ்ப்பாள் போட்ட கதவை ஓயாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் தாழ்ப்பாள் தெறிக்கும் அல்லவா, அதுதான் நடந்தது. 1255ல் காட்மாண்டில் மன்னர் அபய மல்லரையே பலிகொண்ட நிலநடுக்கமும் இதே பிளவில் வந்தது என்பதற்கு மண் அடுக்குகளைத் தோண்டிப் பார்த்துச் சான்று கண்டிருக்கிறார்கள்.

பிளவு நேபாளத்தில் என்றால் பிகார் ஏன் அப்படி அடி வாங்கியது? காரணம் அதன் காலடியிலேயே இருந்தது. இமயமலையிலிருந்து ஆறுகள் காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய மணல், அதற்குள் தண்ணீர். நன்றாகக் குலுக்கினால் இப்படிப்பட்ட மண் கெட்டியாக நிற்காது, கூழாகிவிடும். வட பிகாரில் சுமார் 300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பட்டை முழுவதும் நிலம் அப்படிக் கூழானது. வீடுகள் சாய்ந்தன, இறங்கின. தரை வாய் பிளந்து தண்ணீரையும் மணலையும் பீய்ச்சியடித்தது. விளைந்த வயலின் மேல் மணல் படிந்தது, குடிதண்ணீர்க் கிணறுகள் மணலால் மூடிப்போயின. கங்கைக் கரையில் இருந்த மோங்கிர் நகரம் தரைமட்டம். காட்மாண்டின் தரஹரா கோபுரம் விழுந்தது. பிகாரிலும் நேபாளத்திலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள்.

இதில் பாதி 1934ல் யாருக்கும் தெரியாது. நிலத்தட்டுக் கொள்கை நிலைபெற்றது 1960களில். ரிக்டர் தன் அளவுகோலை வெளியிட்டது 1935ல்தான். ஆனால் ஒன்றுமே தெரியாத காலம் என்றும் சொல்ல முடியாது. 1897ல் அசாமை உலுக்கிய நிலநடுக்கத்தை ஆராய்ந்த ஓல்டாம் என்ற ஆங்கிலேயர் இந்திய நிலவியல் துறையில் வேலை பார்த்தவர். நிலநடுக்க அலைகளில் வேகமாக வருவது ஒரு வகை, பின்னால் வருவது இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டியவர் அவர்தான். 1906 சான் பிரான்சிஸ்கோ அழிவுக்குப் பிறகு, பாறை வளைந்து வளைந்து ஒரு கட்டத்தில் பிளவில் விடுபடும்போதுதான் நிலம் நடுங்குகிறது என்பதும் பாடத்துக்கு வந்துவிட்டது. பிகாரில் நிலவியல் துறையினர் ஊர் ஊராகப் போய் எந்தச் சுவர் எந்தப் பக்கம் விழுந்தது என்பதுவரை குறித்துக்கொண்டார்கள். அந்த அறிக்கை 1939ல் வெளியானது.

அதனால், மண்ணில் காரணம் தேட வேண்டும் என்ற அறிவு அன்றே இந்தியாவில் இருந்தது. காந்தி சொன்னது அந்த அறிவுக்கு எதிரானது.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் நியாயமாகப் பார்க்க வேண்டும். 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கி நாடு முழுவதும் தீண்டாமைக்கு எதிராகச் சுற்றிக்கொண்டிருந்தார். கோயில் நுழைவு மசோதாவை எதிர்த்துச் சனாதனிகள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். நெல்லையப்பர் கோயிலிலும் மதுரை மீனாட்சி கோயிலிலும் அன்று தாழ்த்தப்பட்டோர் காலெடுத்து வைக்க முடியாது. மதுரையில் அந்தக் கதவு திறக்க வைத்தியநாத ஐயர் வர வேண்டியிருந்தது, 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட ஊர்களில் நின்றுகொண்டு, பிகாருக்குப் பணம் கொடுங்கள், கூடவே உங்கள் மனசையும் கழுவுங்கள் என்று கேட்டார். "அவர்களுடைய பாவம்" என்று அவர் சொல்லவில்லை, "நம் பாவம்" என்றார். நான் அன்று தாத்தாவிடம் பேசியபோது இந்த வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

அதோடு, இந்தப் பேச்சு தமிழ்க் காதுகளுக்குப் புதிதும் அல்ல. மன்னன் முறை தவறினால் மழை பொய்க்கும் என்று குறள் சொல்கிறது. கோல் நிலை திரிந்தால் கோள் நிலை திரியும் என்கிறது மணிமேகலை. அறமும் இயற்கையும் ஒரே கயிற்றில் கட்டியவை என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாக ஊறியது. ஆனால் அந்தப் பழைய வாக்கில் ஒரு நுட்பம் இருக்கிறது. அங்கே விரல் நீள்வது அரியணையில் இருப்பவனை நோக்கி. மழை பெய்யாவிட்டால் குடிமக்கள் பாவிகள் என்று அது சொல்வதில்லை. காந்தியின் வாக்கிலோ, தீண்டாமையைக் கட்டிக் காத்தவர்கள் திருநெல்வேலியில் பத்திரமாக உட்கார்ந்து கேட்டார்கள். செத்தவர்கள் பிகாரில் கிடந்தார்கள். அவர்களில் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் உண்டு.

இதைத் தட்டிக் கேட்டவர் ரவீந்திரநாத் தாகூர். அப்போது அவருக்கு 72 வயது.

தாகூர் காந்தியின் எதிரி அல்ல. 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து பாடியவர் அவர். அதே தாகூர்தான் 1921ல் அந்நியத் துணி எரிப்பையும், 1925ல் எல்லாரும் ராட்டை சுற்றியே தீரவேண்டும் என்பதையும் வெளிப்படையாக மறுத்து எழுதியவர். அவர் நாத்திகரும் அல்ல. அவருடைய பாட்டெல்லாம் கடவுளோடு பேசுவதுதான். அறிவியலிலும் ஆர்வம் குறையாதவர். 1930ல் ஐன்ஸ்டைனோடு உட்கார்ந்து உண்மை என்றால் என்ன என்று வாதாடினார். 1937ல் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி வங்காளியில் ஓர் அறிவியல் நூல் எழுதி, அதை இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸுக்குக் காணிக்கையாக்கினார்.

திருநெல்வேலிப் பேச்சு பத்திரிகையில் வந்ததும் தாகூர் செய்த காரியத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். முதலில் காந்திக்கே கடிதம் எழுதினார். நீங்கள் இப்படிச் சொன்னதாக வந்திருக்கிறது, நம்ப முடியவில்லை, உண்மையில் இது உங்கள் கருத்துதான் என்றால் இதற்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது என்று தன் மறுப்பையும் கூடவே அனுப்பிவைத்தார். செய்தியைப் பார்த்த சூட்டில் மைக் பிடிக்கவில்லை. சொன்னவரிடமே கேட்டு உறுதி செய்துகொண்டு, பிறகு மறுத்தார்.

மறுப்பிலும் சுற்றி வளைக்கவில்லை. இயற்கை அழிவுகளுக்குக் காரணம் இயற்கைச் சக்திகள் ஒன்றுசேர்வதுதான், வேறில்லை என்றார். அறநெறியை நிலநடுக்கத்தோடு முடிச்சுப் போட்டால், குழந்தைகளையும் ஏழைகளையும் கொன்று தூரத்தில் பத்திரமாக இருப்பவனுக்குப் பாடம் நடத்தும் கடவுளைவிட மனுஷன் எவ்வளவோ மேலானவன் என்று ஆகிவிடும் என்றார். நம் பாவங்கள் எவ்வளவு பெரியவையாக இருந்தாலும் படைப்பையே இடித்துத் தள்ளும் பலம் அவற்றுக்கு இல்லை என்றார்.

நான் தாத்தாவிடம் சொல்லாமல் விட்டது இதைத்தான். நான் பாறையைப் பற்றி மட்டும் பேசினேன். தாகூர் கடவுளுக்காகவும் சேர்த்து வாதாடினார். கடவுள் மேல் அன்பு வைத்தவர் என்பதால்தான் அவரால் அப்படிப் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் சொன்னார். அதுதான் எனக்கு மிக முக்கியமானது. இந்த வாதம் காந்தியைவிட அவருடைய எதிரிகளுக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும், நிலநடுக்கத்துக்குக் காரணம் காந்தியும் அவர் ஆட்களும்தான் என்று அவர்களும் சொல்லிவிட்டுப் போகலாம் என்றார். வெறும் ஊகம் இல்லை இது. சனாதனிகள் அதைத்தான் சொன்னார்கள். கோயிலுக்குள் தீண்டத்தகாதவர்களை விடச் சொன்னதால்தான் தெய்வம் கோபித்தது என்று. இரண்டு பேருடைய வாதமும் ஒரே அச்சு. பாவத்தின் பெயரை மட்டும் மாற்றினால் போதும். எது சரி என்று எதை வைத்து முடிவு செய்வது? நிலத்தைத் தோண்டினால் கிடைக்காது, சாஸ்திரத்தைப் புரட்டினால் இரண்டு பக்கத்துக்கும் கிடைக்கும்.

காந்தி அந்த மறுப்பை மறைக்கவில்லை. தான் நடத்திய ஹரிஜன் வார இதழில் 1934 பிப்ரவரி 16 அன்று முழுதாக அச்சிட்டு, தன் பதிலையும் சேர்த்து வெளியிட்டார். பதிலில் அவர் பின்வாங்கவில்லை. கடவுளின் சட்டங்கள் எல்லாம் நமக்குத் தெரியாது, பெரிய விஞ்ஞானியின் அறிவும் அங்கே ஒரு தூசிதான் என்றார். வறட்சி, வெள்ளம், நிலநடுக்கம் எல்லாம் வெளிப்பார்வைக்கு இயற்கைக் காரணத்தால் வருபவை, ஆனால் மனிதனின் ஒழுக்கத்தோடு எப்படியோ தொடர்புடையவை என்பது தன் நம்பிக்கை என்றார். இதை என்னால் நிரூபிக்க முடியாது என்றும் ஒப்புக்கொண்டார். ஒருவேளை இந்த நம்பிக்கை தவறாகவே இருந்தாலும், அது தனக்கும் பிறருக்கும் நன்மையே செய்திருக்கும் என்பது அவர் வாதம்.

இந்தக் கடைசி வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. நல்ல காரியத்துக்கு உதவினால் போதும், உண்மையா என்று பார்க்க வேண்டாம் என்ற இடத்துக்கு அது கொண்டுபோய் விடுகிறது. தீண்டாமை ஏன் ஒழிய வேண்டும்? அது ஒரு மனுஷனை மனுஷனாக நடத்தாத கொடுமை, அதனால் ஒழிய வேண்டும். இந்தக் காரணமே போதும். பூகம்பம் வந்தாலும் வராவிட்டாலும் இது மாறாது. இதற்கு மேல் பூகம்பத்தையும் முட்டுக் கொடுத்தால், ஒரு நாள் விஞ்ஞானம் வந்து அந்த முட்டை உருவும்போது, அதன் மேல் சாய்த்து வைத்த நியாயமும் ஆட்டம் காணும். வலுவான சுவருக்கு எதற்கு உளுத்த முட்டு?

நேரு அப்போது பிகாரில் இடிபாடுகளுக்குள் சுற்றியவர். மோங்கிரில் மற்றவர்களோடு சேர்ந்து தானும் மண் தோண்டினார். பிறகு சிறையில் தன் வரலாற்றை எழுதும்போது, காந்தியின் வாக்கு தனக்கு அதிர்ச்சி தந்ததாகவும் தாகூரின் மறுப்பைத் தான் முழுமையாக ஏற்றதாகவும் எழுதினார். சட்டமறுப்பு இயக்கத்தில் வட பிகார் முன்னால் நின்றது, அதற்குத் தண்டனை என்று பிரிட்டிஷ் அரசும் சொல்லலாமே என்று கேட்டார். பெருநிலக்கிழாரான தர்பங்கா மகாராஜாவுக்குப் பெரும் நஷ்டம், அதனால் இது ஜமீன்தாரி முறைக்கு வந்த தீர்ப்பு என்றும் சொல்லலாம் என்றார். இன்னொரு கேள்வி நம்மைப் பார்த்தது. தீண்டாமையின் தாய்நிலமான தென்னாட்டை அந்த நிலநடுக்கம் ஏன் தொடவில்லை?

நான் தென்னாட்டுக்காரன். இந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் அந்த ஜனவரி 24 கூட்டம் கண்ணுக்கு வரும். கம்மல் கழற்றிக் கொடுத்த அந்த அம்மாள் வருவார். அவர் கொடுத்தது பயத்தால் அல்ல என்று நம்ப எனக்கு ஆசை.

காந்தி அச்சிட்டது, தாகூர் கடிதம் எழுதிக் கேட்டது, இரண்டும் எனக்குப் பெரிதாகத் தெரிகின்றன. தாகூர் தன் மறுப்பை முடித்த விதம் இன்னும் பெரிது. நாட்டு மக்களின் மனசிலிருந்து பயத்தையும் பலவீனத்தையும் போக்கியதற்காக மகாத்மாவுக்கு அளவில்லாத நன்றிக்கடன் பட்டிருக்கிறோம், அதே மனசில் அறிவுக்குப் பொருந்தாததை வளர்க்கும் சொல் அவர் வாயிலிருந்து வரும்போது அதனாலேயே ஆழமாக வலிக்கிறது என்றார். மறுப்பும் நன்றியும் ஒரே மூச்சில் வந்தன. இதைச் சொன்னதால் தாகூர் காந்தியை விட்டு விலகவுமில்லை, காந்தி அவரைத் துரோகி என்று சொல்லவுமில்லை.

தாகூர் எச்சரித்தது 1934லோடு நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது, சபரிமலைக்குள் பெண்கள் நுழைவது பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருந்தது. ஐயப்பன் கோபம் என்று எழுதினார்கள். அணைகள் நிரம்பிவிட்ட நேரத்தில் அந்த மாதம் கொட்டிய மழையைப் பற்றிப் பேசவேண்டிய நேரம் அது. 2004 சுனாமியின்போது இதே பேச்சை என் வீட்டிலேயே கேட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன். 1934ல் சமத்துவத்துக்காகச் சொன்ன வாதம், 2018ல் சமத்துவத்துக்கு எதிராகத் திரும்பி வந்தது. வாதம் அதேதான்.

நான் சாமி கும்பிடுகிறவன். வெள்ளிக்கிழமை முடிந்தால் நெல்லையப்பர் கோயிலுக்குப் போவேன். காந்திமதி அம்மன் சன்னதிக்கு முன் நிற்கும்போது வரும் அமைதியை வேறெங்கும் நான் அடைந்ததில்லை. சில வருஷம் முன்பு என் மகளுக்கு டெங்கு. மூன்றாம் நாள் ரத்தத் தட்டணு 22,000க்கு இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். மறுநாளைக்கு மறுநாள் தட்டணு ஏறியது. ஏறியதற்குக் காரணம் மருத்துவர் கணக்குப் பார்த்து ஏற்றிய சலைனும், மணிக்கொரு தரம் வந்து பார்த்த நர்ஸும், டெங்கு காய்ச்சலின் போக்கும். அந்த ராத்திரியை நான் தாண்டியது அம்மனால். இரண்டும் எனக்கு உண்மை. ஒன்றின் வேலையை மற்றதன் தலையில் கட்ட எனக்குத் தேவை வந்ததில்லை.

அதே வராந்தாவுக்கு ஒரு உறவுக்காரர் பார்க்க வந்தார். நல்லவர், ஆர்லிக்ஸும் ஆரஞ்சும் வாங்கி வந்திருந்தார். என் மனைவியைப் பார்த்து, "ஏதும் நேர்ச்சைக்கடன் பாக்கி வச்சிட்டியாம்மா?" என்று கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டார். மூன்று நாளாகத் தூங்காதவள், அதுவரை அழாதவள், அப்போதுதான் அழுதாள். குழந்தை பிறந்த வருஷத்திலிருந்து என்ன நேர்ந்தோம், எதை விட்டோம் என்று விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். தண்ணீர் தேங்கிய பக்கத்துக் காலி மனையில் கொசு முட்டையிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கேள்வி ஒரு தாயைக் குற்றவாளி ஆக்கிவிட்டது. துன்பத்துக்குப் பாவத்தைக் காரணம் சொன்னால், அந்தச் சொல் கடைசியில் போய் விழுவது ஏற்கெனவே அடிபட்டவர் மேல்தான். தாகூர் சொன்னது அன்றைக்குத்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

சரி, அறிவியல் பக்கம் நிற்பவர்கள் மட்டும் எப்போதும் சுயமாக யோசிக்கிறோமா? எங்கள் மாவட்டத்திலேயே அதற்குச் சோதனை வந்தது. 2011 மார்ச்சில் ஜப்பானில் ஃபுகுஷிமா விபத்து. அதன் பிறகு கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் லூர்து மாதா கோயில் முன் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். 2012ல் எங்கள் பக்கம் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இருக்காது. விசிறியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது பேச்சு தானாக அங்கே போகும். "கலாமே வந்து பாத்துட்டுப் பாதுகாப்புன்னு சொல்லிட்டாரு, அப்புறம் என்ன?" என்பார்கள். 2011 நவம்பரில் அப்துல் கலாம் வந்து பார்த்துவிட்டு அப்படிச் சொன்னது உண்மை. அவர் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஆனால் "கலாம் சொல்லிட்டாரு" என்பது, தாத்தா "அவரு சொன்னா சும்மா சொல்லியிருக்க மாட்டாரு" என்றதன் மறுபதிப்பு. விஞ்ஞானி சொன்னார் என்பது நம்பத் தொடங்குவதற்கு நல்ல காரணம், கேள்வியை நிறுத்துவதற்குக் காரணம் அல்ல. எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள், விபத்து நடந்தால் நஷ்ட ஈடு யார் கொடுப்பார், எங்களை எந்த ரோட்டில் வெளியேற்றுவீர்கள் என்று மீனவர்கள் கேட்டவை ஒவ்வொன்றும் அறிவியல் கேள்வி. அவற்றைக் கேட்டவர்கள் மேல் ஆயிரக்கணக்கில் தேசத்துரோக வழக்குப் போட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அதேநேரம், அந்த உலை அணுகுண்டு மாதிரி வெடித்துத் தென்தமிழ்நாட்டையே பஸ்பமாக்கிவிடும் என்று போராட்டத்தை ஆதரித்தவர்கள் சிலர் பேசினார்கள். அதை நான் மறுத்தேன். உலையில் போடும் யுரேனியத்தில் பிளவுபடும் வகை நூற்றுக்கு ஐந்துகூட இருக்காது, குண்டு போல அதனால் வெடிக்க முடியாது. ஃபுகுஷிமாவில் நடந்தது வேறு வகை ஆபத்து, பயப்பட அதுவே போதும். இதைச் சொன்னதும் போராட்டத்துக்கு ஆதரவான நண்பர்கள் என்னை அரசாங்கத்தின் ஆள் என்றார்கள். வழக்குகளைக் கண்டித்ததும் மற்றவர்கள் வெளிநாட்டுக் காசு வாங்கியவன் என்றார்கள். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் 15 நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி கொடுத்தது. நண்பர்களில் இரண்டு பேர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. அது வலிக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்து நியாயத்தின் மேல் எனக்கு அக்கறை இருந்ததால்தான், அதற்கு முட்டாக வைத்த பொய்யைச் சுட்டிக்காட்டினேன்.

இப்போது தேர்தல் வந்தால் வீட்டில் மூன்று கட்சி. "நீ எந்தப் பக்கம்?" என்பார்கள். ஓட்டு ஒரு கட்சிக்குத்தான் போட முடியும், போடுகிறேன். அதோடு என் வேலை முடிந்துவிடுவதில்லை. நான் ஓட்டுப் போட்டவர்கள் தவறு செய்யும்போது மற்றவர்களைவிட நான்தான் முதலில் கேட்க வேண்டும், ஏனென்றால் அதில் என் கையும் இருக்கிறது.

தாத்தாவிடம் திரும்ப வருகிறேன். பூஜ் சண்டை முடிந்து நாலு வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26. அன்று காலை ஆறரை மணி சுமாருக்குச் சுமத்ராவுக்குப் பக்கத்தில் கடலடி பிளந்தது. இரண்டரை மணி நேரம் போல அலைகள் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்துகொண்டிருந்தன. நம் கரையில் ஒருவருக்கும் தகவல் இல்லை. எச்சரிக்கை மையம் ஐதராபாத்தில் 2007ல்தான் வந்தது. தமிழ்நாட்டில் எட்டாயிரம் பேர்வரை போனார்கள், நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம். எங்களுக்குப் பக்கத்தில் கொளச்சலிலும் மணக்குடியிலும் பிணங்களைக் குழி வெட்டி மொத்தமாக அடக்கம் செய்தார்கள். மணக்குடிப் பாலத்தையே அலை தூக்கி எறிந்திருந்தது. நான் நிவாரண லாரியோடு இரண்டு தடவை போய் வந்தேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்து வராந்தாவில் ஒரு அம்மா தன் பையனின் ஒற்றைச் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நான் நீட்டிய பொட்டலத்தை வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பவும் செருப்பைப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் தடவை போய்த் திரும்பிய அன்று சாயங்காலம் தாத்தாவைப் பார்க்க அவருடைய பழைய நண்பர் ஒருவர் வந்திருந்தார். அதற்கு ஆறு வாரம் முன்புதான் ஒரு மடாதிபதி கைதாகியிருந்தார். நண்பர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "பெரியவரக் கைது பண்ணினாங்கல்லா, அதான் கடல் பொங்கிட்டு" என்றார். நான் காப்பியோடு வாசல் நிலையில் நின்றேன். வாயைத் திறக்கவில்லை, எனக்குத் தெம்பும் இல்லை.

தாத்தா ஈஸி சேரில் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கொளச்சல்ல குழியில போட்ட பிள்ளைகளுக்கும் அந்தக் கேசுக்கும் என்னய்யா சம்பந்தம்? அதுக என்ன பாவம் செஞ்சிச்சு?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. நண்பர் பதில் சொல்லாமல் காப்பியை வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் டிவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

அவர் போனதும் தாத்தா எழுந்து பீரோவைத் திறந்தார். மடிப்புக் கலையாத நாலு கதர் வேட்டிகளை எடுத்து, அடுத்த லாரியில் கொண்டுபோகச் சொல்லி என்னிடம் கொடுத்தார். 1934ஐப் பற்றி அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.